ஹார்ட் டிஸ்கில் பிரதிப் பெருக்கம்: ஒரு பதிப்பியல் நோக்கு

ஒரே புகைப்படம் ஒரே ஹார்ட் டிஸ்கில் ஏன் ஐந்தாறு இடத்தில் கிடக்கிறது என்ற வினா இதுவரை ஆய்வுலகின் கவனத்தைப் பெறாதது வருந்தத்தக்கது. படம் அழிந்துபோகும் என்ற அச்சமே காரணம் என்பார்கள். அது பொருந்தாது. அச்சத்துக்கு எப்போதோ எல்லை கட்டியாயிற்று: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய இந்த 3-2-1 விதி படம் சேர்க்கும் ஆர்வலர் அனைவருக்கும் மனப்பாடம். பயம்தான் காரணமென்றால் மூன்றோடு நின்றிருக்க வேண்டும். நான்காவது பிரதி, படங்களைத் தரம் பிரிக்க முற்படுவதாலேயே பிறக்கிறது என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதன்மைச் சான்று ஃபோல்டர் பெயர்கள். ‘போன் பேக்கப்’, ‘போன் பேக்கப் புதுசு’, ‘பிரிக்கணும்’, ‘பிரிச்சது’, ‘பிரிச்சது பாதி’, ‘நியூ ஃபோல்டர் (3)’ என்ற வரிசையில் ஒரு வரலாறே இருக்கிறது. வேண்டாததையெல்லாம் அழித்துவிடுவது என்று ஆர்வலர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்காருகிறார். கை தவறி நல்லதும் போய்விட்டால்? எனவே முதலில் முழுவதையும் வேறோர் இடத்தில் காப்பி செய்துகொள்கிறார். பிறகு பிரித்துக்கொண்டே காதுகுத்து வரைக்கும் வருகிறார். அங்கே ஒரே குரூப் போட்டோ ஏழு இருக்கிறது. ஒன்றில் தாத்தா கண்ணை மூடியிருக்கிறார். தாத்தா கண் திறந்திருக்கும் படத்தில் சித்தி பந்திப் பக்கம் பார்க்கிறார். எதையும் அழிக்க மனம் வராமல் சாப்பிட எழுந்துவிடுகிறார். இப்போது பாதி பிரித்ததும் பிரிக்காத முழுவதும் கைவசம். அடுத்த முறை எது முழுமையானது என்று தெரியாததால் இரண்டையும் சேர்த்துக் காப்பி செய்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

ஒரே மாதிரிப் படங்களைக் கண்டுபிடிக்க மென்பொருள் இருக்கிறதே என்று தடை எழுப்பலாம். இருக்கிறது, ஆனால் சாதாரண மென்பொருள் எழுத்துப்பிழை கூட மாறாத நகலைத்தான் நகல் என்று ஒப்புக்கொள்ளும். வாட்ஸ்அப்பில் படமாகப் போய் வந்தது அளவு சுருங்கி, எடுத்த தேதி முதலிய எக்ஸிஃப் குறிப்புகளையும் இழந்து வந்திருக்கும். பதிப்பாசிரியர் மொழியில் அது பாடபேதம். விண்டோஸில் காப்பி செய்தாலோ உருவான தேதி காப்பி செய்த நாளாகிவிடும், திருத்திய தேதி பழையதாகவே நிற்கும். திருத்தப்பட்டு ஏழாண்டு கழித்துப் பிறந்த படங்களை இத்துறையில் மட்டுமே காணலாம். இதற்கு எதிர்மாறான கேடும் உண்டு. டிஜிட்டல் கேமராக்களின் கோப்பு எண் 9999-ஐத் தொட்டதும் 0001-க்குத் திரும்பிவிடுவதால், காதுகுத்தும் கன்னியாகுமரியும் ஒரே பெயரில் வந்து நிற்கும். எது வேண்டும் என்று கணினி இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்கும். ஆர்வலர் உற்றுப் பார்ப்பதில்லை. இரண்டு கட்டத்திலும் டிக் போடுகிறார்.

உ.வே.சாமிநாதையரும் ஏட்டுப் பிரதிகளை ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவர்தானே என்பது இன்னும் கனமான தடை. சேர்த்தார், ஒப்பிட்டார், 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றியும் விட்டார். ஆர்வலரிடம் ஏடுகள் மட்டுமே உள்ளன, பதிப்பு இல்லை. இருபது படத்தைத் தேர்ந்து ஸ்டூடியோவில் ஆல்பம் போட்டிருந்தால் தாத்தாவா சித்தியா என்பது அன்றே முடிவாகியிருக்கும்.

கிளவுடில் ஏற்றிவிட்டால் தீர்ந்தது என்போரும் உளர். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் புதிய படங்களையெல்லாம் 15 ஜிபி இலவசக் கணக்கில் சேர்க்கத் தொடங்கியது. இடம் நிரம்பியதாக அறிவிப்பு வந்ததும் ஆர்வலர் அத்தனையையும் ஜிப் கோப்புகளாக இறக்கிக்கொள்கிறார். பிரித்துப் பார்க்கும்போது ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று, ஜிப்பாகவே ஒரு காப்பி எடுத்து வைக்கிறார்.