டீசல் லாரிக்கு பிளக் தேடின மாப்ளைக்கு

ஏன் மாப்ள, அமெரிக்காவுல அத்தாம் பெரிய லாரி ஓட்டறே. அதுக்குள்ள இருக்கற, லாரிக்காரங்க ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கற சி.பி. ரேடியோ கரகரங்குதுன்னு நடுச்சாமத்துல இந்தக் கெழவனுக்குப் போன் போடறே. போடு, தப்பில்ல. சங்ககிரியில லாரிக்கு வயரிங் பாத்தே மண்டை நரைச்சவன் நானு. ஆனா கேக்கறதுக்கு முந்தியே கடையில பாதியை வாங்கி கேபின்ல அடுக்கிட்டயாமே, உங்கம்மா சொன்னா. அதை நெனச்சுத்தான் ரெண்டு நாளா சிரிப்பு.

"பிளக்கை மாத்துனா சரியாப் போயிரும்னு ஒருத்தன் சொன்னான் மாமா"ங்கறே. மாத்து கண்ணு, தாராளமா மாத்து. பேனட்டைத் தூக்கி அந்த ஸ்பார்க் பிளக் எங்க இருக்குன்னு மொதல்ல தேடு. ஆப்புட்டா எனக்கொரு போட்டோ அனுப்பு. டீசல் எஞ்சின்ல ஸ்பார்க் பிளக் கண்டவன்னு மாரியம்மன் நோம்பிக்கு உனக்கு மாலை போட்டுருவோம். உன்ர சிநேகிதன் பெட்ரோல் பிக்கப் வெச்சிருப்பான், அவனுக்கு அது சரி. பொறி ஒவ்வொண்ணும் கொஞ்சம் ரேடியோ அலையைக் கக்கும். அதை அடக்கத்தான் ரெசிஸ்டர் வெச்ச பிளக்கும் வயரும் வந்துச்சு.

உன்ர ரேடியோ 27 மெகாஹெர்ட்ஸ் பக்கம், ஏ.எம்.ல ஓடுது. ஏ.எம்.ன்னா அலை ஏறி எறங்கறதுலதான் பேச்சே இருக்குது. வண்டி கெளப்பற கரகரப்பும் அதே ஏத்த எறக்கத்துலதான் வந்து உக்காரும். பாவம், ரேடியோ எதைத் தள்ளும், எதை எடுக்கும்? 2021ல அந்த ஊர் சர்க்கார் சி.பி.ல எப்.எம்.முக்கும் அனுமதி குடுத்துருச்சு, அதுல இந்த ரோதனை கம்மி. ஆனா 19ஆம் நம்பர் சேனல்ல லாரிக்காரங்க பேச்செல்லாம் இன்னும் ஏ.எம்.லதான். நீ மட்டும் எப்.எம்.முக்குப் போனா எரைச்சலும் இருக்காது, பேச ஆளும் இருக்காது.

இனி காதைத் தீட்டிக்க. ஆக்சிலேட்டரை மிதிச்சா "ஙொய்ய்ய்"ன்னு கூடவே ஏறி, விட்டா எறங்குதா? அது டைனமோ. ஆல்டர்னேட்டர்னு நீ திருத்த வேண்டாம், பட்டறையில அதுக்குப் பேரு டைனமோதான். இத்தன நாளும் இல்லாம இப்பத்தான் அந்தச் சத்தம்னா, உள்ள டயோடு ஒண்ணு போயிருக்கும், பாக்கச் சொல்லு. எஞ்சினை நிறுத்தியும் கரகரங்குதா? அப்ப எஞ்சின் மேல பழி போடாத. செல்போன் சார்ஜர், சோறு சுட வெக்கற இன்வெர்ட்டர், அழகுக்கு ஒட்டின எல்.இ.டி. லைட்டு எல்லாத்தையும் ஒண்ணொண்ணாப் புடுங்கு. எதைப் புடுங்கறப்ப அமைதியாகுதோ அவன்தான் ஆளு. பாதிப்பேருக்குச் சோலி இங்கயே முடிஞ்சிரும்.

முடியலீன்னா, ரேடியோவுக்குப் பொறத்தால இருக்கற ஆன்டெனா வயரைக் கழட்டிட்டு எஞ்சினை ஓட்டிக் கேளு. கேளுன்னா கேக்க மட்டும். சும்மா இருக்காம மைக்கை அமுக்கிராத. ஆன்டெனா இல்லாம அமுக்குனா ரேடியோவே புகைஞ்சிரும். நீ அமுக்குவே, சின்னதுலேர்ந்து உன்னைப் பாக்கறேனே. கழட்டியும் சத்தம் வந்தா அது கரண்டு வயர் வழியா வருது. நின்னுருச்சுன்னா ஆன்டெனா வழியா வருது. திருடன் எந்த வாசல்ல வந்தான்னு பாக்காம நாலு வாசலுக்கும் பூட்டு வாங்கினவன்தானே நீ!

கரண்டு வழின்னா, சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகி வெச்சிருப்பே, அதைப் புடுங்கி எறி. மொத்தமான வயரா ரெண்டு எடுத்து நேரா பேட்டரிக்கே இழு. பேட்டரிகிட்டயே பியூஸ் போட மறந்துறாத, அப்பறம் எரைச்சல் போயி புகை வந்துரும். பேட்டரியோட மைனஸ்ல சென்சார் மாட்டின புது வண்டின்னா, மைனஸ் வயரை கம்பெனிக்காரன் காட்டின சேஸிஸ் எர்த்துல புடி. நீ வாங்கி அடுக்கினயே பில்டரு, அதுக்கு வேலை இந்த ஒரு வழியிலதான்.

ஆன்டெனா வழின்னா அந்த பில்டரை எடுத்துப் பேரப்பையன்கிட்ட வெளையாடக் குடு. உன்ர ஆன்டெனா கண்ணாடி பிராக்கெட்டுல நிக்குது. பிராக்கெட் கதவுல நிக்குது, கதவு கிரீஸ் தடவின கீல்ல நிக்குது, நடுவால பெயின்ட்டு, பிளாஸ்டிக் வாஷரு. எர்த்து எங்கிருந்து வரும்? வாலிபத்துல நீ போட்ட பவுடர் மாதிரியா, மேலாப்புல தடவுனா நிக்கறதுக்கு? உப்புத்தாள் எடுத்து பெயின்ட்டைச் சுரண்டு, இரும்பு பளபளங்கோணும். ஸ்டார் வாஷர் வெச்சு முறுக்கு. பிராக்கெட்டுலேர்ந்து கதவுக்கு, கதவுலேர்ந்து கேபினுக்கு, கேபின்லேர்ந்து சேஸிஸுக்கு, பட்டையா பின்னின செம்பு வயரைக் குட்டையா வெட்டிப் போடு. சைலன்சர் பைப்புக்கும் ஒண்ணு போடு, அது எர்த்து இல்லாம நின்னா அதுபாட்டுக்கு எரைச்சலை வீசும். உன்ர பேனட்டு பைபரு. இரும்பா இருந்தா எஞ்சின் கக்கறதைக் கொஞ்சமாச்சும் மறைக்கும். இது பாக்கறதுக்குத்தான் பேனட்டு. இந்தச் சுரண்டற வேலையில சட்டை அழுக்காகும். அதனாலதான கடைக்குப் போனே?

ரேடியோப் பெட்டியில என்.பி.ன்னு ஒரு பொத்தான் இருக்கும், டப்டப்னு வர்ற சத்தத்துக்கு அதைப் போட்டுக்க. ஸ்குவெல்ச்சைத் திருகினா எரைச்சல் போகாது, ஒளிஞ்சுக்கும். கூடவே தூரத்துல கூப்புடறவனும் ஒளிஞ்சுக்குவான். பவரு கூட்டற பெட்டி வாங்கலாமான்னு கேட்டயே? ஏ.எம்.ல 4 வாட்டுக்கு மேல போறது அந்த ஊர்ல சட்டத்துக்கு விரோதம். அதுவும் போக, அது நீ கத்தறது ஊருக்குக் கேக்கறதுக்கு. உனக்கு ஊரு கேக்கறதுக்கு இல்ல.

இத்தனையும் பண்ணிட்டு நெப்ராஸ்கா ரோட்டுல போறப்ப, எங்கயோ ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்து பத்துப்பேரு ஒண்ணாக் கத்தற மாதிரி கேட்டா வெசனப்படாத. அது எஞ்சின் இல்ல, சூரியன். அது மும்முரமா இருக்கற வருசத்துல 27 மெகாஹெர்ட்ஸ் அலை மேல போயி வானத்துல பட்டு எங்கெங்கயோ எறங்கும். சாயங்காலம் பொழுது எறங்குனா தானா அடங்கும். அதுக்கும் ஒரு பில்டர் இருக்குதுன்னு கடைக்காரன் சொன்னா, வாங்காம வராத. ஒண்ணு எனக்கும் அனுப்பு, உங்கத்தை சத்தத்துக்கு மாட்டிப் பாக்கறேன்.