பாலகாட்டைத் தேசியப் பூங்காவாக அறிவிக்கக் கோரும் அர்ஜி

அனுப்புநர்: கோலார் தங்கவயலின் பாலகாட் பகுதியில் வசிக்கும் ஒருவர்.
பெறுநர்: கர்நாடக அரசின் வனத்துறை, சுற்றுலாத் துறை, உறையை முதலில் யார் பிரிக்கிறார்களோ அவர்கள்.
பொருள்: அமைதியான ஏரிக்கரை ஒன்று கைவசம் இருப்பது பற்றி.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நாகரஹொளே தேசியப் பூங்காவை ஒட்டிய கபினிக் கரையின் படங்களை அர்ஜிதாரர் பார்த்திருக்கிறார். யானை நீர் குடிக்கிறது, படகு ஆடாமல் நிற்கிறது, ஒருவரும் பேசவில்லை. பார்க்க ஆசைதான். ஆனால் குடும்பத்தோடு ஒரு நாள் அங்கே தங்கிவருவதற்குள் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டின் மாத மளிகைப் பணம் கரைந்துவிடும். எனவே மக்களை ஏரிக்கு அனுப்பும் சிரமத்தை விட்டுவிட்டு, ஏரி இருக்கும் இடத்தை அறிவித்துவிடும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறார்.

சட்டம் இடம் கொடுக்கிறது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, தேசியப் பூங்காவுக்கான தகுதிகளில் புவி உருவ அமைப்பின் சிறப்பையும் சேர்த்திருக்கிறது. தங்கவயலில் 13 சைனைடு மேடுகள் உள்ளன. நூறாண்டுக்கு மேல் தங்கம் எடுத்து, அரைத்த கல்லைக் கொட்டிக் கொட்டி எழுந்தவை; மொத்தம் 3 கோடி டன்னுக்கு மேல். செடிகொடி விஷயத்தில் கொஞ்சம் பின்தங்கியவைதான். ஆனால் இவற்றைக் காண யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. கோடைக் காற்று அடித்தால் மேடுகளே புறப்பட்டு வந்து சோற்றுத் தட்டில் உட்காரும்.

இனி ஏரி.

சுரங்கத்தை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. பிறகு பம்புகள் நின்றன. சுரங்கக் குழிகளான ஷாஃப்டுகளில் நீர் ஊறி ஏறியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மட்டும் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். இவ்வளவு ஆழமான நீர்நிலை வேறெந்தப் பூங்காவில் இருக்கிறது என்று துறை தேடிப் பார்க்கலாம். கரையில் நின்றால் தண்ணீர் தெரியாது என்பது ஒரு சிறு குறை.

அமைதிக்குச் சான்றிதழும் உண்டு. 1965இல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தாரும், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தாரும், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தாரும் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்டறியத் தேர்ந்தெடுத்த இடம் இதே சாம்பியன் ரீஃப்தான். மற்ற அண்டக் கதிர்களின் இரைச்சலைத் தலைக்கு மேலிருந்த 2 கிலோமீட்டருக்கு அதிகமான பாறை வடிகட்டிவிட்டது. அண்டக் கதிரே தொந்தரவு செய்யாத இடத்தில் சுற்றுலாப் பயணிக்கு என்ன தொந்தரவு வந்துவிடப் போகிறது?

‘இது இயற்கை ஏரி இல்லையே’ என்று கோப்பில் குறிப்பு எழுதப்படலாம். தேக்கடி ஏரியும் 1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டியதால் வந்ததுதான். கபினி நீர்த்தேக்கம் 1974இல் அணை எழுந்து, கிராமங்கள் மூழ்கியதால் வந்தது. தேக்கடி நீரில் நிற்கும் பட்ட மரங்களைப் பயணிகள் படமெடுக்கிறார்கள். இங்கே ஷாஃப்டுகளின் தலையில் இரும்புக் கோபுரங்கள் துருவேறி நிற்கின்றன. சினிமாக்காரர்களுக்கு அருமை தெரிந்திருக்கிறது. ‘கேஜிஎஃப்’ படக் குழு சைனைடு மேட்டில்தான் செட் போட்டது.

கண்ணுக்குத் தெரியும் ஏரிதான் வேண்டுமென்றால் பேத்தமங்கலம் ஏரி பக்கத்திலேயே இருக்கிறது. பாலாற்று நீரைத் தேக்கித் தங்கவயலுக்குக் குடிக்கத் தந்த ஏரி அது. இப்போது கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் பெங்களூரும் உதவுகிறது. 2018 முதல் அந்நகரத்துக் கழிவுநீர், இரண்டு கட்டச் சுத்திகரிப்புக்குப் பின் குழாய் வழியாக வந்து கோலார் ஏரிகளை நிரப்புகிறது. திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர். கொடுக்கல் வாங்கல் நேர்மையானது. விடியற்காலையில் மாரிக்குப்பம் ரயிலேறித் தங்கவயல் ஆட்கள் பெங்களூருக்குப் போகிறார்கள். பெங்களூர் குளித்து முடித்த தண்ணீர் கோலாருக்கு வருகிறது.

வெளிநாட்டு முன்மாதிரியும் உண்டு. கார்ன்வால் சுரங்கத் தொழிலாளர்கள் ஒரு காலத்தில் கப்பலேறித் தங்கவயலுக்கு வந்தார்கள். இங்கே சுரங்கம் மூடிய அடுத்த மாதம், 2001 மார்ச்சில், அவர்களுடைய கார்ன்வாலில் தோண்டித் தீர்ந்த களிமண் பள்ளம் ஒன்று ‘ஈடன் புராஜெக்ட்’ என்ற தோட்டமாகத் திறக்கப்பட்டது. அவர்கள் பள்ளத்துக்குள் செடி வைத்தார்கள். நாம் தண்ணீர் விட்டோம். பாதி வேலை முடிந்ததாகவே கொள்ளலாம்.

ஒரே அவசரம்: 2024 ஜூனில் மாநில அமைச்சரவை, 1,003 ஏக்கரில் பரந்த இந்த 13 மேடுகளையும் மறுபடி அரித்துத் தங்கம் எடுக்கும் மத்திய அரசின் யோசனைக்கு இசைவு தந்திருக்கிறது. கோப்பு மேசை மேசையாக நகர்ந்து வருவதற்குள் மலைகள் போய்விட்டால், பூங்காவின் புவி உருவச் சிறப்பு அடிபட்டுப் போகும்.

கடைசியாகக் கட்டண விவரம். பூங்கா வாசலில் இந்தியருக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை என்று பலகை வைப்பது வழக்கம். பாலகாட் வாசல் பலகையில், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்கும் ஒரு வரி ஒதுக்கும்படி அர்ஜிதாரர் வேண்டுகிறார்.

இப்படிக்கு,
பாலகாட்வாசி