பெஞ்சுக்கு எத்தனை பேர்?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கல்லூரி இடம் பற்றித்தான். ஜூன் மாதம் என்றால் அப்படித்தான். மேட்டூர் 12-ஆம் தேதி திறந்தாலும் திறக்காவிட்டாலும், டெல்டாவில் அட்மிஷன் திறந்துவிடும்.

அரசுப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இன்னும் அதிக மாணவர்களைச் சேர்க்கலாமா? சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்.
*(ஒரு தகப்பனார், பாபநாசம்)*

சேர்க்கலாம். ('ஆனால்' அடுத்த கேள்வியில் வருகிறது.)

வருஷா வருஷம் அரசு கலைக் கல்லூரிகளில் 20 சதவீத இடத்தைக் கூட்டி அறிவிப்பு வருகிறதே, பாராட்ட மாட்டீர்களா?
*(கௌரவ விரிவுரையாளர், கும்பகோணம்)*

2025-லும் வந்தது: அரசுக் கல்லூரிக்கு 20 சதவீதம், உதவி பெறும் கல்லூரிக்கு 15, சுயநிதிக்கு 10. அறுபது பேர் வகுப்பு 72 ஆகிறது. அந்தப் பன்னிரண்டு பேரில் யாராவது ஒருத்தி அந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரியாக இருப்பாள். அதற்காகவே பாராட்டுகிறேன்.

இனி 'ஆனால்'. இடத்தைக் கூட்ட ஒரு கையெழுத்து போதும். ஆசிரியரைக் கூட்ட அறிவிக்கை, தேர்வு, வழக்கு, தடை, மறுபடி அறிவிக்கை. அதுவரை வண்டியை ஓட்டுவது மாதம் 25,000 ரூபாய் வாங்கும் உங்களைப் போன்றவர்கள். மேட்டூரில் இத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்று பேப்பரில் படித்ததும் நம்மூரில் யாரும் நாற்றங்காலுக்கு ஓடுவதில்லை. கடைமடைக்கு வந்து சேர்ந்ததா என்றுதான் கேட்போம். சீட்டு விஷயத்திலும் அதையே கேட்கிறேன். எழுபத்திரண்டாவது பிள்ளைக்கு பெஞ்சும், லேபில் ஒரு பிப்பெட்டும், விடைத்தாளைத் திருத்த ஓர் ஆளும் வந்து சேர்ந்தார்களா?

கூட்டம் கூடினால் தரம் குறையாதா?
*(ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், திருவையாறு)*

கும்பகோணம் அரசுக் கல்லூரியில் இன்றைய நெரிசல் இல்லாத 1904-இல் உதவித்தொகையோடு ஒரு பையன் சேர்ந்தான். கணக்கைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை என்று உதவித்தொகையை நிறுத்தினார்கள். மறு வருஷம் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டான். பெயர் ராமானுஜன். வகுப்பு சின்னதாக இருந்தால் தரம் தானாக வந்துவிடும் என்பதற்கு அந்தக் கல்லூரியைச் சாட்சிக்கு அழைக்காதீர்கள், சார்.

நான் படித்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் மாணவர்களைச் சேர்த்ததே? அது விரிவாக்கம் இல்லையா?
*(பழைய மாணவர், சீர்காழி)*

கொள்ளிடம் தாண்டினால் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. 1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கியது, மாணவர்கள் வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம். விடுதி, நூலகம், இசைக் கல்லூரி என்று ஓர் ஊரையே கட்டினார். 1979-இல் தொலைதூரக் கல்வி வந்தது. யோசனை நல்ல யோசனைதான்: வேலைக்குப் போகிறவர், கல்யாணமான பெண், பஸ் கண்டக்டர் எல்லோருக்கும் தபாலில் ஒரு வாசல். வினை வந்தது வேறு பக்கத்தில். வாசலில் வசூலாகும் கட்டணம் வீட்டுச் செலவுக்குப் பழகிவிட்டது. நாடு முழுக்கப் படிப்பு மையங்கள். வளாகத்திலோ ஊழியர்கள் 12,000-க்கும் மேல். மாணவர் வந்தால்தான் சம்பளம் என்றானபின் யாரைச் சேர்ப்பது என்ற கேள்வி போய், எத்தனை பேரைச் சேர்ப்பது என்ற கேள்வி மட்டும் மிஞ்சும்.

2013-இல் கஜானா காலியாகி, அரசு நிர்வாகியை நியமித்து, தனிச் சட்டம் போட்டுப் பல்கலைக்கழகத்தைக் கையில் எடுத்தது. உபரி ஊழியர்களை மற்ற அரசுக் கல்லூரிகளுக்கும் அலுவலகங்களுக்கும் அனுப்பினார்கள். உங்கள் தாலுகா ஆபீஸிலேயே ஒருவர் இருக்கக்கூடும், விசாரித்துப் பாருங்கள். அத்தோடும் விட்டதா? 2014-15-க்குப் பிறகு நடத்திய தொலைதூரப் படிப்புகளுக்கு எங்கள் அனுமதி இல்லை என்று யு.ஜி.சி. 2022-இல் பொது அறிவிப்பே கொடுத்தது. கட்டணம் கட்டி, பரீட்சை எழுதி, பட்டத்தை ஃபிரேம் போட்டு மாட்டியவர்கள் என்ன பாவம் செய்தார்கள்?

கல்விக்காக மாணவரைச் சேர்ப்பது விரிவாக்கம். பட்ஜெட்டுக்காகச் சேர்ப்பதற்கு நான் பெயர் வைத்தால் ஆசிரியர் அச்சுக்கு அனுப்ப மாட்டார்.

தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆயிரம் ஏக்கர் என்கிறார்கள். நடைப்பயிற்சிக்குப் போனால் மாணவரைவிட மரம்தான் கண்ணில் படுகிறது. அங்கே ஏன் ஐயாயிரம் பேரைச் சேர்க்கக் கூடாது?
*(காலை நடையர், வல்லம்)*

மரத்தின் மேல் என்ன கோபம்? 1981-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அதைத் தொடங்கியபோது ஆராய்ச்சிதான் நோக்கம். முதல் துணைவேந்தர் வ.அய்.சுப்பிரமணியம் மொழியியல் அறிஞர். அறிவியல் களஞ்சியம், வாழ்வியற் களஞ்சியம் என்று தொகுதி தொகுதியாக வந்ததெல்லாம் அந்தக் கனவில்தான். வானத்திலிருந்து பார்த்தால் 'தமிழ்நாடு' என்று தெரியும்படி கட்டிடங்களுக்குத் திட்டம் போட்டார்கள் என்பது கூடுதல் செய்தி. சம்பளமும் ஓய்வூதியமும் தாமதம் என்ற செய்திதான் இப்போது தரையிலிருந்தே தெரிகிறது.

மாணவரைக் கூட்டத்தான் வேண்டும், உங்கள் கட்சிதான் நான். ஆனால் எந்தத் தெருவிலும் கிடைக்கும் பி.காம்., பி.பி.ஏ. வைத்துக் கூட்ட வேண்டாம். ஓலைச்சுவடித் துறையும் கல்வெட்டுத் துறையும் அங்கே உண்டு. நகரத்துக்குள் சரஸ்வதி மகாலில் சுவடிகள் குவிந்திருக்கின்றன. பெரிய கோயில் சுவரெல்லாம் எழுத்து. இவற்றைப் படிக்கத் தெரிந்த நூறு பேரை வருஷத்துக்கு உருவாக்க இதைவிட நல்ல ஊர் ஏது? விடுதியும் உதவித்தொகையும் கொடுத்து, படித்தவனுக்குத் தொல்லியல் துறையிலும் அறநிலையத் துறையிலும் வேலையும் வைத்தால் ஐயாயிரம் வேண்டாம், ஐந்நூறே போதும். மரமும் பிழைத்துப்போகும்.

கும்பகோணத்தில் கலைஞர் பல்கலைக்கழகம் வந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு இடம் கூடுமா?
*(கடைக்காரர், சுவாமிமலை)*

சட்டமன்றம் 2025 ஏப்ரலில் மசோதாவை நிறைவேற்றியது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தைப் பிரித்துத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், அரியலூர் கல்லூரிகளைப் புதியதன் கீழ் கொண்டுவரும் ஏற்பாடு. மார்க் ஷீட்டில் பிழை என்றால் திருச்சிக்கு பஸ் ஏற வேண்டாம், அது லாபம். துணைவேந்தர், பதிவாளர், கார், டிரைவர் எல்லாம் கூடும். பெஞ்சு கூடுமா என்பது தனி அரசாணை.

இங்கே பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மாணவர் கூடினால் வாடகை ஏறும், சத்தம் கூடும் என்று அக்கம்பக்கத்தார் கோர்ட்டுக்குப் போனார்கள். நம்மூரில் அப்படி நடக்குமா?
*(ஒரத்தநாட்டுக்காரர், தற்சமயம் கலிபோர்னியா)*

போனது மட்டுமா, 2022 மார்ச்சில் ஜெயித்தும் விட்டார்கள்! சேர்க்கையை முந்தைய அளவிலேயே நிறுத்தும்படி ஆயிற்று. சில நாளிலேயே அந்த மாநிலச் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தி மாணவர்களைக் காப்பாற்றியது. நம்மூரில் எவரும் வழக்குப் போட மாட்டார்கள். மாணவர் கூடினால் ஜெராக்ஸ் கடை, டீக்கடை, மெஸ் என்று மூன்று போர்டு புதிதாக ஏறும்.

புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, டவுன் பஸ்ஸில் டிக்கெட்டும் இல்லை. ஆனால் பஸ் நிற்க மாட்டேன் என்கிறது!
*(இரண்டாம் ஆண்டு மாணவி, மன்னார்குடி பக்கத்துக் கிராமம்)*

இந்தக் கடிதங்களிலேயே சரியான கல்விக் கொள்கைக் கடிதம் உன்னுடையதுதான், தாயே. எட்டரை மணி பஸ்ஸை ஒன்றிலிருந்து இரண்டாக்குவதும் மாணவர் சேர்க்கையில் சேர்ந்ததுதான் என்று உயர்கல்வித் துறை போக்குவரத்துத் துறைக்கு ஒரு கடிதம் எழுதட்டும். அதுவரை கைகாட்டாதே, நாலு பேராக ரோட்டுக்கு நடுவில் நில். (பஸ் தூரத்தில் இருக்கும்போது.)

பி.எஸ்சி. அக்ரி இடங்களைக் கூட்டினால் விவசாயம் செழிக்குமா?
*(வாசகர், ஆடுதுறை)*

வங்கிகள் செழிக்கும். அக்ரி படித்தவர் அங்கே உட்கார்ந்து கடன் கொடுக்கிறார். படிக்காதவர் வயலிலிருந்து போய் வாங்குகிறார்.

தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47, நாட்டின் சராசரி 28.4 என்று 2021-22 கணக்கைப் பெருமையாகச் சொல்கிறார்கள். எல்லாரும் காலேஜுக்குப் போய்விட்டால் நடவுக்கும் களையெடுப்புக்கும் யார் வருவார்கள்?
*(பதினைந்து ஏக்கர் நிலக்காரர், நீடாமங்கலம்)*

நடவு மெஷின் வாடகைக்குக் கிடைக்கிறது. களைக்குப் போகச் சொல்ல உங்கள் வீட்டுப் பிள்ளைகள் இருப்பார்களே? அவர்கள் எந்தக் காலேஜில் என்ன படிக்கிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை.