எந்தப் பாடமானாலும் சரி

பல்துறை அறிஞராவதற்கு நிறையப் படிக்க வேண்டும் என்று சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்தால் போதும். மற்றதை டைம்டேபிள் பார்த்துக்கொள்ளும்.

நான் படித்தது வரலாறு. முனைவர் பட்டம் வாங்கியது சோழர் கால ஏரிப் பராமரிப்பில். இளங்கலைப் பாடத்திட்டத்தில் பகுதி ஒன்று தமிழ், இரண்டு ஆங்கிலம், மூன்று முதன்மைப் பாடம். இந்த மூன்றுக்கும் பட்டாதாரர்கள் இருக்கிறார்கள். பகுதி நான்குதான் புறம்போக்கு. சுற்றுச்சூழல் கல்வி, விழுமியக் கல்வி என்று யாரும் உரிமை கோராதவை அங்கே கிடக்கும்.

"நீங்கதான் ஏரியைப் பத்தி ஆராய்ச்சி பண்ணியிருக்கீங்களே சார், என்விரான்மென்டல் ஸ்டடீஸ் எடுத்துடுங்க" என்றார் துறைத்தலைவர். எடுத்தேன். தமிழில் வேகமாகத் தட்டச்சு செய்வதை யாரோ பார்த்துவிட, கம்ப்யூட்டர் வகுப்பும் வந்தது. பொது நிர்வாகம் எடுக்கும் மேடம் மகப்பேறு விடுப்பில் போனதும் அதுவும் என் தலையில்.

எனக்குப் பிடித்தது விழுமியக் கல்விதான். பாடம் நடத்துவதும் நான், தேர்வறையில் காவல் நிற்பதும் நான், தாள் திருத்துவதும் நான். நேர்மையைப் பற்றிய கேள்விக்கு ஒரு பெஞ்ச் முழுக்க ஒரே விடை, ஒரே எழுத்துப் பிழையோடு. பிழையே இல்லாமல் எழுதிய ஒரே பையனிடம் விசாரித்தேன். அவன் கைடைப் பார்த்து எழுதியிருக்கிறான்.

2020 தேசியக் கல்விக் கொள்கை பல்துறைக் கல்வியைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. தமிழ்நாடு அரசு அதை ஏற்கவில்லை. என் ஒருவன் விஷயத்தில் மட்டும் எப்படியோ அமலாகிவிட்டது.

சம்பளமா? வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதம் 50,000 வரை தரலாம் என்று 2019-இல் பல்கலைக்கழக மானியக் குழு சொன்னது. எங்கள் கைக்கு வருவது மாதம் 25,000. அதுவும் 11 மாதத்துக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை கிடைத்தால் கல்வெட்டு பார்க்கப் போய்விடுவேன். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறதே, குடவோலைத் தேர்தல் விதிகளைச் சொல்வது, அதன் முன் நின்றால் எனக்கு நேரம் போவதே தெரியாது. ஏரி வாரியத்துக்கு வர 35 வயதுக்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும், சொந்த நிலம் வேண்டும், படிப்பும் வேண்டும். இவ்வளவும் இருந்தால் பதவி 360 நாள். நெட் தேர்வும் முனைவர் பட்டமும் வைத்திருக்கிற எனக்கு 11 மாதம். பராந்தகன் காலம் கிட்டத்தட்ட ஒரு மாதம் தாராளம்.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லலாம்தான். ஆனால் இந்த செமஸ்டரில் எனக்கு வரலாறு கொடுக்கவில்லை.

மே மாதம் நான் சும்மாதான் இருப்பேன். உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு டியூஷன் தேவைப்பட்டால் கூப்பிடுங்கள். எந்தப் பாடம் என்பதை நான் வந்த பிறகு சொன்னால் போதும்.