அம்மாபேட்டை வாசகரின் மூன்று கேள்விகள்

கேள்வி: கபடி ஆடும் ஊரில் பிறந்த நமக்கு ரக்பி எதற்கு?

பதில்: ஆட வேண்டாம், பாருங்கள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பி இறுதியாட்டத்தில் பிரிட்டனை 43-7 என்று புரட்டி எடுத்தது பிஜி. தன்னை 96 ஆண்டுகள் ஆண்ட நாட்டை! பிஜி வாங்கிய முதல் ஒலிம்பிக் பதக்கமே அந்தத் தங்கம்தான். மறுவருஷம் ஏழு டாலர் நோட்டு அடித்துக் கொண்டாடினார்கள். அதே ரியோவில் அடுத்த மாதம், பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் நம் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ரியோவுக்குத் திருஷ்டி சுற்றித்தான் போட வேண்டும்.

கேள்வி: விளையாட்டு வீரர்கள் அரசியலுக்கு வரலாமா?

பதில்: ஓட்டு வாங்கி வரட்டும். பிஜிக்காக ரக்பி ஆடிய ரபுக்கா 1987-ல் ராணுவத்தோடு வந்து ஆட்சியைக் கவிழ்த்தார். அதனால், அங்கே கரும்புத் தோட்டத்துக்குப் போன நம்மவர்களின் பேரப்பிள்ளைகள் உட்பட இந்திய வம்சாவளியினர் ஆயிரக்கணக்கில் நாட்டை விட்டுப் போனார்கள். 2022 தேர்தலுக்குப் பின் மீண்டும் பிரதமரான அவர், 2023-ல் மன்னிப்புக் கேட்டார். போனவர்கள் போனவர்கள்தான்.

கேள்வி: உலகச் செய்தி நமக்கு எதற்கு?

பதில்: லண்டனில் வெள்ளி விலை ஏறினால் சேலத்துக் கொலுசுப் பட்டறையில் வேலை குறைகிறது. விளையாட்டுப் பக்கத்தோடு பேப்பரை மடித்துவிடாதீர்கள். உலகப் பக்கத்தையும் படியுங்கள்.