சென்னை வீடுகளின் திணைப் பாகுபாடு

வீடுகளை வகைப்படுத்த முயன்றோர் இதுவரை சுவரையும் கூரையையுமே அளவுகோலாகக் கொண்டுள்ளனர். கூரை வீடு, ஓட்டு வீடு, மச்சு வீடு என்று ஊரும், ஒன் பிஎச்கே, டூ பிஎச்கே என்று தரகரும் எண்ணி முடித்துவிடுகிறார்கள். இந்த அளவுகோல் போதாது. சென்னை வீட்டை முதல், கரு, உரி என்னும் முப்பொருள் கொண்டே ஆராய வேண்டும் என்பதும், அதன் உரிப்பொருள் சண்டையே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

முதல் திணை ஒண்டுக்குடித்தனம். நிலம், திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும். பொழுது, குழாயில் தண்ணீர் வரும் வைகறை. கருப்பொருள், பிளாஸ்டிக் குடம், கொடிக்கயிறு, ஓனர் வைத்த சப்-மீட்டர். முற்றத்தைச் சுற்றிப் பல குடித்தனங்கள், நடுவில் ஒரே குழாய். வரிசையில் வைத்த குடத்தை நகர்த்தியது யார் என்பதே உரிப்பொருள். இலக்கியச் சான்று கேட்போர் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைப் புரட்டலாம்.

இரண்டாவது, ஹவுசிங் போர்டு. 1961-இல் வீட்டுவசதி வாரியம் வந்தபின் குடியிருப்போரின் வருமானமே வீட்டுக்குப் பெயராயிற்று: எல்.ஐ.ஜி., எம்.ஐ.ஜி., எச்.ஐ.ஜி. 1968-இல் உலக வர்த்தகப் பொருட்காட்சி நடந்த பகுதியில் எழுந்த அண்ணா நகரிலும் இந்த மூன்று சாதி உண்டு. பிள்ளைகள் தலையெடுத்து வாசலில் இரண்டு கார் நின்றாலும் எல்.ஐ.ஜி., எல்.ஐ.ஜி.தான். உரிப்பொருள், கீழ்வீட்டுக்காரர் முன்னால் இழுத்துக் கட்டிய அறையும், அதன் தலைமேல் தன் பால்கனியை நீட்ட மேல்வீட்டுக்காரர் கேட்கும் உரிமையும்.

மூன்றாவதான ஃபிளாட், தத்துவச் சிக்கல் மிகுந்தது. இரண்டு கிரவுண்டு, அதாவது 4,800 சதுர அடி மனையில் எட்டு சம ஃபிளாட்டுகள் என்று கொள்வோம். தலைக்கு 600 சதுர அடி, ‘பிரிக்கப்படாத பாகம்’ என்று பத்திரத்தில் ஏறும். அந்த 600 எங்கே இருக்கிறது என்று எட்டுப் பேரில் எவராலும் விரல் நீட்டிக் காட்ட முடியாது. எங்கும் நிறைந்து எங்கும் தென்படாத இப்பொருளுக்கு ஆண்டுதோறும் மதிப்பு மட்டும் ஏறும். சண்டையோ கண்ணுக்குத் தெரியும் பொருள்களைப் பற்றியது: கார் நிறுத்துமிடம், மொட்டை மாடிச் சாவி, மோட்டார் போடும் முறை. லிஃப்டில் ஏறாத நான் லிஃப்டுக்கு ஏன் மெயின்டனன்ஸ் கட்ட வேண்டும் என்ற தரைத்தளத்துக்காரரின் வினா, ஒவ்வொரு அசோசியேஷன் கூட்டத்திலும் புதிதாய்ப் பிறக்கும்.

நான்காவது, கீழே ஓனர், மேலே வாடகைக்காரர் என்னும் தனி வீடு. 2017-இல் இயற்றிய தமிழக வாடகைச் சட்டம், இரு தரப்பும் வேறு விதமாக ஒப்புக்கொண்டாலன்றி முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. அந்த விலக்கின் சந்துவழியே பத்து மாத அட்வான்ஸ் என்ற பழைய மரபு இன்றும் தலைகாட்டுகிறது. இத்திணையின் சண்டை, குடியிருக்கும்போது புகைந்து, காலி செய்யும் நாளில் பற்றிக்கொள்ளும். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது ஓனர் மரபு. சுவரில் ஆணி அடித்ததும் அடிக்காததும் அன்றுதான் விசாரணைக்கு வரும்.

ஐந்தாவது பாலை. தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. வீட்டு இலக்கணமும் திருவல்லிக்கேணி மேன்சனுக்கு இடம் வகுக்கவில்லை. அடுப்படி இல்லை, முற்றம் இல்லை. கட்டில், கொடி, பொதுக் கழிவறை உண்டு. பொழுது, மின்விசிறி வெந்நீராய்க் காற்றுவிடும் நண்பகல். இங்கே சண்டை அரிது. வெள்ளிக்கிழமை இரவு பேருந்து பிடித்து ஊருக்கு ஓடுகிறவர்களுக்குப் பிரிவே உரிப்பொருள்.

எஞ்சியது கைக்கிளை, இன்னும் கட்டி முடியாத வீட்டின்மீது வாங்குபவர் கொள்ளும் ஒருதலைக் காதல். குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை, குடியேறாத வீட்டுக்கு இ.எம்.ஐ.; கையில் இருப்பதோ நீச்சல் குளம் அச்சிட்ட விளம்பரத் தாள். கைக்கிளையில் எதிர்த்தரப்பு வாய் திறக்காதிருப்பதே இலக்கணம். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் அதில் ஒரு திருத்தம் செய்தது: சொன்ன தேதியில் வீடு வராவிட்டால், வாங்குபவர் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கலாம், காத்திருக்கத் துணிந்தால், தாமதமாகும் மாதம் ஒவ்வொன்றுக்கும் பில்டர் வட்டி தர வேண்டும். மௌனத்துக்கு மாத வட்டி விதித்த முதல் அகத்திணை நூல் அதுவாகவே இருக்கும்.