ஆளுக்கொரு போமன்

சுங்கை சிப்புட் ஒட்டுக்கடை முன்னால் பழைய புரோட்டோன் சாகா நின்றுவிட்டால், பசியாற வந்த அத்தனை பேரும் போமன்தான். 1985இல் வந்த முதல் தேசியக் கார் அல்லவா, எல்லாருக்கும் உரிமை உண்டு.

சாவியைத் திருப்பினால் ‘டிக்’ சத்தம் மட்டும்.

“கார்புரேட்டர்!” என்றார் ஒருவர். ஸ்டார்ட்டரே சுற்றாதபோது கார்புரேட்டர் என்ன பாவம் செய்தது?

“இஞ்சினை இறக்கணும்” என்றார் முன்னாள் மண்டோர். ரப்பர் மரத்தில் பால் குறைந்தாலே வெட்டச் சொன்னவர்.

பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாய்ப் பூத்திருந்தது. தே தாரேக் கலக்க வைத்திருந்த வெந்நீரில் ஒரு குவளை ஊற்றித் துடைத்து, முனையை இறுக்கினார் கடைக்கார அக்கா. பிடித்துக்கொண்டது.

ஸ்டார்ட்டர் சுற்றியும் இஞ்சின் பற்றவில்லையா? ஈப்போ மழையில் நனைந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்துப் பாருங்கள். மண்டோரிடம் மட்டும் கேட்காதீர்கள்.